மாமா வீட்டு முகவரி

சுடர்விழி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில்தான் உட்காருவாள். வலது கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் இருவர் மேசையும் ஒட்டிப் போட்டிருந்ததால் அவள் கால் ஆடினால் என் கம்ப்யூட்டர் திரையும் ஆடும். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் மேசையைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மறுநாள் அவளும் மேசையை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

உழவர்கரையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வு மையம். ஒரே வியாதி வந்த இரண்டு பேரில் ஒருவர் மாத்திரையோடு தப்பிப்பதும் இன்னொருவர் காலையே இழப்பதும் ஏன் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. உடல்நல ஏற்றத்தாழ்வு என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் இன்றுவரை எங்களைப் பல் பிடுங்குகிறவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெயர் மாலா. கம்ப்யூட்டரும் தகவல் பதிவும் என் பொறுப்பு. எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். யாரையாவது அதிகமாகத் திட்டியிருந்தால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சுடர்விழியின் அப்பா பெயர் வேம்பு, மில் தொழிலாளி. மில் மூடியபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். டவுனில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மா பார்வதியும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், வானூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே நடவும் களையெடுப்பும் கிடைத்தது. மகளின் படிப்பு கெடக் கூடாதென்று அவளை மட்டும் உழவர்கரையில் தாய்மாமா பலராமன் வீட்டில் விட்டார்கள். பள்ளி முடிந்ததும் லேப் டெக்னீசியன் படிப்பு. பத்து வருடம் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுத்தாள். காலையில் ஊசி, மாலையில் புத்தகம் என்று முதுகலை முடித்து முனைவர் பட்டமும் வாங்கியபோது வயது முப்பத்தேழு. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அவளை அக்கா என்றார்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை. அம்மா பட்டத்தைக் கையில் வாங்கி, இதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்காமல் உள்ளே விடுவார்களா என்று கேட்டாராம்.

இந்த ஊர் எல்லையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது தனி யூனியன் பிரதேசம், ஆனாலும் டவுனிலிருந்து காலாப்பட்டுக்கு பஸ் ஏறினால் நடுவில் தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். சில தெருக்களில் இந்த வரிசை வீட்டுக்கு ஒரு அரசாங்கம், எதிர் வரிசைக்கு இன்னொன்று. எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் பெரிய வைத்தியமெல்லாம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் இலவசம். அதனால் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு அறுவைச் சிகிச்சை, மாதாந்திர மருந்து என்று ஏதாவது வந்தால் இந்தப் பக்கத்து வீட்டு முகவரியைக் கொடுப்பது எங்களுக்கு வழக்கம். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பாய் எடுத்துக் கொடுப்பது மாதிரிதான், யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். ஆஸ்பத்திரிக் கணக்குப்படி பதினோரு பேர்.

பார்வதியம்மாவுக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவர் உழவர்கரைவாசி. பலராமன் மாமா வீடு அது.

சிந்துஜா எங்கள் மையத்துக்கு வந்தது நாலு வருடத்துக்கு முன். இப்போது வயது முப்பத்து மூன்று. கடற்கரையை ஒட்டிய தெருவில் பெரிய மாடி வீடு. தாத்தா காலத்திலிருந்து குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸில் படித்துவிட்டு, அங்கேயே இருந்திருக்கலாம், இங்கே திரும்பி வந்தாள். அதற்காக அவளை மெச்ச வேண்டும். நான் மெச்ச ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். வந்த புதிதில் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினாள். உழவர்கரைப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தொலைவு. ஆனாலும் காலில் புண் வந்தால் அழுகிய பிறகுதான் வருகிறார்கள். ஆகவே தூரம் காரணமில்லை, விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம். வெளிநாட்டுப் பத்திரிகை அதை வெளியிட்டது. அதிலிருக்கும் வரைபடத்தில், நோயாளிக்கு ஒன்றாக, பதிவிலிருந்த முகவரியில் சிவப்புப் புள்ளிகளை வைத்தது நான்தான். கட்டுரையைப் பார்த்து, விழிப்புணர்வுக்கென்று ஒரு திட்டமே வந்தது. பெரிய பாதம் ஒன்றை வரைந்து, 'உங்கள் பாதத்தை நீங்களே கவனியுங்கள்' என்று தெருத்தெருவாகச் சுவரொட்டி ஒட்டினார்கள்.

அந்தப் புள்ளிகளில் பாதிக்கு மேல் மாமா வீடு, அத்தை வீடு, நாத்தனார் வீடு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மையத்தில் டீ வாங்கி வருகிறவருக்கும் தெரியும். சிந்துஜாவுக்கும் தெரியும் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவள் வீட்டில் யாருக்கும் எப்போதும் இன்னொருவர் முகவரி தேவைப்பட்டதில்லை.

இளம் ஆய்வாளர்களைக் கைதூக்கி விடுவதற்கென்று தேசிய அளவில் ஒரு ஃபெல்லோஷிப் இருக்கிறது. அந்தப் பணத்தில் மூன்று வருடத்துக்குச் சொந்தமாக ஆய்வு செய்யலாம். வழிகாட்டியாக ஒரு மென்டர் கூட இருக்க வேண்டும். இளம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் எல்லை நாற்பது. சுடர்விழிக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. மையத்தில் அவள் ஒப்பந்தமும் மார்ச்சோடு முடிகிறது. இது கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் மறுபடியும் ரத்தம் எடுக்கப் போக வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது. அவளுக்கு மென்டராக அமைந்தது சிந்துஜா. ஆறு வயது சின்னவள் மென்டர், பெரியவள் சிஷ்யை. சின்னவள் அக்கா என்பாள், பெரியவள் மேடம் என்பாள். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

வியாழக்கிழமைதோறும் இருவரும் உட்காருவார்கள். சிந்துஜா நன்றாகவே சொல்லிக் கொடுத்தாள், அதை மறைக்கக் கூடாது. ஒரு பத்தியை எழுதிக்கொண்டு போனால் பாதியாகக் குறைத்துக் கொடுப்பாள். சென்னையில் ஒரு கருத்தரங்கில் சுடர்விழி காபி மேசைப் பக்கமே ஒதுங்கி நிற்க, யாரோ ஒரு பேராசிரியர் அவளிடம் சர்க்கரை இல்லாமல் ஒன்று என்று கேட்டுவிட்டார். இவளும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து, மேசைப் பக்கம் நிற்கக் கூடாது, நேராகப் போய்ப் பெயரைச் சொல்லி, என்ன ஆய்வு என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும் என்று சிந்துஜா பயிற்சி கொடுத்தாள். அந்த இரண்டு வரியை என்னிடம் ஒரு நாளைக்கு ஆறு முறை சொல்லிப் பார்த்தாள் சுடர்விழி. எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நேர்காணல் ஒத்திகையில்தான் ஒரு இடத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தது. ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள், அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள் சிந்துஜா. அழ வேண்டாம், உருக்க வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். சுடர்விழி ஆரம்பிப்பாள். அம்மாவுக்குக் கட்டைவிரலில் புண் வந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கறுத்திருந்தது, எடுத்துவிட்டார்கள் என்பதுவரை வரும். அதற்குமேல் வராது. தண்ணீர் குடிப்பாள், கால் வேகமாக ஆடும், மேடம், நாளைக்குப் பாத்துக்கலாம் என்று எழுந்துவிடுவாள். கூச்சம் என்று நினைத்தாள் சிந்துஜா. அடுத்த வாக்கியத்தில் மாமா வீடு வந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது.

அம்மாவின் கதையை உள்ளபடி சொன்னால் மேடத்தின் கட்டுரை கவிழ்ந்துவிடும். இது ஒரு பயம். வெளியே தெரிந்து ஆஸ்பத்திரியில் கெடுபிடி வந்தால் முதலில் திருப்பி அனுப்பப்படுவது அம்மா. இது இன்னொரு பயம். இரண்டையும் இரண்டு வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள் அவள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கேள்வி கேட்கப் போனவள், வெளிநோயாளிப் பிரிவு பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தாள். அஞ்சலாட்சி என்று பெயர். பாதத்தில் கட்டு. பதிவில் இருந்த முகவரி எங்கள் மையத்துக்கு இரண்டு தெரு தள்ளி. இரண்டு தெரு தள்ளி வந்தவள் ஏன் இப்படிச் சோர்ந்து தூங்குகிறாள்? எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று சுடர்விழி கேட்டதும் அந்தப் பெண் மிரண்டு போய், உழவர்கரைம்மா, உழவர்கரைதான் என்று திருப்பித் திருப்பிச் சொன்னாளாம். சுடர்விழி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க அம்மாவும் உழவர்கரைதாங்க. காலைல நாலே முக்காலுக்குக் கிளம்பி வருவாங்க.”

அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள். இருட்டில் எழுந்து, பஸ் நிற்கும் கூட்டுரோடுவரை நடந்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பஸ்ஸில் அவசரத்துக்கு இறங்க முடியாதென்று முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஒருநாள் கூலி போகும் என்பதால் களையெடுப்பு முடியும்வரை புண்ணைத் துணி சுற்றி வைத்திருந்தாள். இவளுக்குத்தான் விழிப்புணர்வு இல்லை என்று நாங்கள் சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். எனக்கு அந்த நோட்டீஸையெல்லாம் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து சுடர்விழி எல்லோரிடமும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டாள். எந்த ஊர் என்று கேட்க மாட்டாள், யார் வீடு என்று கேட்க மாட்டாள். இன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் அவசியமில்லை, அதனால் யாருக்கும் கேடும் இல்லை. மேடத்துக்குத் தெரியாமல் தகவல் பதிவில் அதற்கொரு கட்டம் போட்டுக் கொடுத்தது நான். சில மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. உண்மையிலேயே உழவர்கரையில் குடியிருப்பவர்கள் சின்னப் புண்ணுக்கே ஓடி வந்தார்கள். அதே முகவரியில், விடியும் முன் கிளம்பியவர்கள்தான் காலம் கடந்து வந்தார்கள்.

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, அவள் அதைச் சிந்துஜா முன்னால் வைத்தாள். என்னையும் கூட உட்காரச் சொல்லியிருந்தாள், தனியாகச் சொல்லப் பயம். சொல்லி முடிக்கும்வரை சிந்துஜா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிறகு எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அவள் அங்கே நடக்க, இவள் இங்கே காலாட்ட, எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் என்னிடம்தான் திரும்பினாள்.

“மாலாக்கா, உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. என்மேல் கோபமா, தன்மேல் வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்குக் கிடைத்த ஆய்வு நிதி, இங்கே பதவி உயர்வு, அடுத்த மாதம் டெல்லியில் அவள் பேசப் போகும் கூட்டம் எல்லாமே அந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறது. நேரத்தை வைத்து முகவரியைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும், வேறு காரணமும் இருக்கலாமே என்று ஆரம்பித்தாள். சுடர்விழி மெதுவாக, நீங்கள் ஒருநாள் எங்களோடு பஸ்ஸில் வந்து பாருங்கள் மேடம் என்றாள். சிந்துஜா குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

“அக்கா, மென்டர் சொன்னதே தப்புன்னு போய்ச் சொல்ற ஆளை எந்த கமிட்டி எடுக்கும்? முதல்ல உள்ள போங்க. உள்ள போனப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து திருத்திக்கலாம். இது உங்களுக்குக் கடைசி வாய்ப்பு, எனக்கில்ல.”

நல்லதுக்குத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். சுடர்விழி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். மாலையில் என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு சாவியை விரலில் சுழற்றியபடியே இருந்தாள்.

“அதுவரைக்கும் அந்த போஸ்டர் செவுத்துல இருக்குமே மாலா. போன வாட்டி எங்க அம்மா அது முன்னாடி நின்னு, நான் கவனிக்காமயாடி இருக்கேன்னு கேட்டாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

அந்த மூன்று வாரமும் அவள் ஒரு நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஒருநாள் மேடம் சொன்னபடியே பேசிவிடுகிறேன் என்பாள். மறுநாள் நேர்காணலே வேண்டாம் என்பாள். மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இரண்டையும் ஒத்திகை பார்த்தாள். இது போதாதென்று பலராமன் மாமா உழவர்கரை வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவுக்கு இனி அந்த முகவரியும் சொல்லிக்கொள்ள மட்டும்தான்.

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் சுடர்விழி கிராமத்திலிருந்து போன் செய்தாள். அம்மாவின் இரண்டாவது விரலும் கறுத்துவிட்டது, காய்ச்சலும் இருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸில் கூட்டிப் போய்ச் சேர்க்க வேண்டும். வீட்டு ஆள் யாராவது கூட வந்தால்தான் வார்டில் சேர்ப்பார்கள். நேர்காணலுக்கு வரவில்லை, மேடத்திடம் சொல்லிவிடு என்றாள். அடுத்த தேதி கேட்க முடியாது, அதற்குள் நாற்பது ஆகிவிடும். நான் கத்தினேன். கத்தி ஒன்றும் ஆகவில்லை, போனை வைத்துவிட்டாள். சிந்துஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், “நான் பாத்துக்கறேன், அவங்களை சென்டருக்கு வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னாள்.

காலை ஒன்பதரைக்குச் சுடர்விழி வந்தாள். கண் சிவந்திருந்தது, புடவை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. மேடம் இருட்டோடு காரில் கிராமத்துக்கே வந்து அம்மாவைக் கூட்டிப் போய்விட்டார் என்றாள். எனக்கு நல்லதாகத் தோன்றவில்லை. நேர்காணல் இங்கேயே, வீடியோவில் நடக்கப் போகிறது. முதல் பத்து நிமிடம் மென்டரும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. சிக்கலான கேள்வி வந்தால் வாயைத் திறக்க வேண்டியவள் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றுகொண்டாள், சாமர்த்தியமாக நழுவிவிட்டாள் என்று சுடர்விழியின் காதுபடவே சொன்னேன். அவள் மறுக்கவில்லை. சிந்துஜாவுக்கு ஏழெட்டு முறை போன் போட்டோம். ஒவ்வொரு முறையும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வந்தது.

பதினொரு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். கேமராவையும் மைக்கையும் பார்த்துக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உங்கள் மென்டர் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார் என்றாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆய்வைப் பற்றிக் கேட்டார்கள், அவளும் ஒத்திகை பார்த்தபடி இங்கிலீஷில் சரளமாகவே பதில் சொன்னாள். கால் ஆடியது, திரை ஆடியது, நான் மேசையை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நடுவில் இருந்த பெண் மருத்துவர் சிந்துஜாவின் கட்டுரையைப் படித்திருந்தார். தூரம் காரணமில்லை என்று உங்கள் மென்டர் ஏற்கெனவே நிறுவியிருக்கிறார், உங்கள் திட்டம் அதன் தொடர்ச்சிதானே என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே எடுத்துக் கொடுத்த வார்த்தை.

திரை ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தேன். அவள் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. அதுவரை இங்கிலீஷில் பேசியவள் தமிழுக்கு வந்தாள். அந்த மூவருக்கும் தமிழ் தெரியும்.

“அந்தக் கட்டுரையில எங்க அம்மாவும் ஒரு புள்ளிங்க. உழவர்கரையில இருக்கற புள்ளி. அது எங்க மாமா வீடு. எங்க அம்மா அங்க ஒரு ராத்திரிகூடத் தங்குனதில்ல. ரெண்டு பஸ் மாறித்தான் வர்றாங்க. அந்தப் புள்ளி தப்பு. அதுமாதிரி எத்தனை புள்ளி தப்புன்னு பாக்கறதுதான் என் ஆய்வு.”

உங்கள் மென்டர் இதை ஒத்துக்கொள்கிறாரா என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள். சொன்னேன், கோபப்பட்டார், இப்போது என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இதை எழுதினால் அந்தப் பெண்களுக்கு ஆஸ்பத்திரிக் கதவு மூடிவிடாதா என்று கேட்டார். அதனால்தான் ஊரைக் கேட்பதில்லை, கிளம்பிய நேரத்தை மட்டும் கேட்கிறேன் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். நன்றி சொல்லித் திரை அணைந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை, அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று மறுபடி போனை எடுத்தாள்.

சிந்துஜா வந்தபோது மணி மூன்று இருக்கும். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை கலைந்து, சட்டை முதுகெல்லாம் வியர்த்து, செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். கார் எங்கே என்று கேட்டேன். கூட்டுரோட்டிலேயே நிற்கிறது. ஜன்னல் மூடிய வண்டியில் பார்வதியம்மாவுக்குக் குமட்டி, அங்கேயே இறங்கிவிட்டாராம். ஆகவே அவரோடு இவளும் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்ற கூட்டத்தில் எல்லோரும் ஆஸ்பத்திரி, எல்லோரும் உழவர்கரை என்றாள். போனில் சார்ஜ் போய்விட்டது. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சீட்டு வாங்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. ஒரு விரலை மட்டும் எடுத்தால் போதும், பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுடர்விழி அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வார்டில் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டேன். வீட்டு ஆள் வேண்டுமே, மாமா வீடுதான் விற்றாயிற்றே. சிந்துஜா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

“அம்மா உழவர்கரைன்னு ஆரம்பிச்சாங்க. அந்த வீட்டுல யாருன்னு கவுன்டர்ல கேட்டாங்க, அவங்களுக்குச் சொல்லத் தெரியல. அப்புறம் என்னைப் பாத்து, நீங்க யாருன்னாங்க.” அறுந்த வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க பெரியம்மான்னு சொன்னேன். எங்க வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லி எங்க முகவரியைக் குடுத்துட்டேன் அக்கா.”

சுடர்விழி எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தாள். மேடம் என்று கூப்பிடவில்லை.

சிந்துஜா டெல்லிக் கூட்டத்துக்குப் போனாள். தன் கட்டுரையில் எது தப்பு என்றுதான் அங்கே பேசினாள், பத்திரிகைக்கும் எழுதிப் போட்டாள். சிலர் பாராட்டினார்கள், சிலர் அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஃபெல்லோஷிப் முடிவு தாமதமாக வந்தது. மூன்று வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு மீதியாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொன்னால் நீங்கள் நிறையக் கழிக்க வேண்டியிருக்கும். சுடர்விழி அதற்கே ஊருக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை, இப்போது ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று ஆடுகிறது. அம்மா இன்னும் ஒரு விரல் குறைவாக, செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

அந்த மாதத்து ஆஸ்பத்திரிப் பதிவுகள் வந்தபோது வழக்கம்போல் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போனேன். கடற்கரையை ஒட்டிய அந்தத் தெருவில், இதுவரை ஒரு புள்ளியும் விழாத இடத்தில், சிவப்பாக ஒன்று விழுந்தது. பார்வதி, பெண், காலில் அழுகிய புண். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். சிந்துஜா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

“வேணாம் மாலாக்கா, இருக்கட்டும். பக்கத்துக் கட்டத்துல கிளம்புன நேரத்தைப் போடுங்க.”

நாலே முக்கால் என்று போட்டேன்.